முதலில் தொலைநோக்கியா, தாங்கியா?

கேள்வி: என்னிடம் பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 130 மி.மீ. தொலைநோக்கி ஒன்றை வாங்கி, அதில் கேமராவைப் பொருத்தலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: இப்போது தொலைநோக்கி வாங்க வேண்டாம். பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. நீங்கள் சொல்லும் அளவுத் தொலைநோக்கியின் குவியத்தூரம் (இது கூடக்கூட வானமும் அதன் நகர்வும் படத்தில் பெரிதாகும்) பெரும்பாலும் 650 மி.மீ. இருக்கும், அதைச் சாதாரணத் தாங்கியில் வைத்து அரை நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்தால், நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். மேலும், கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கிகள் பலவற்றில், குவியப்புள்ளி குழாயை ஒட்டியே விழுவதால், டிஎஸ்எல்ஆரின் சென்சார் அந்த இடத்தை எட்டுவதில்லை. என் முதல் தொலைநோக்கியில் ஃபோகஸ் குமிழைக் கடைசி வரை உள்ளே திருகிய பிறகும், நட்சத்திரம் நடுவில் ஓட்டை விழுந்த தட்டாகவே தெரிந்தது. அந்த ஏமாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றும், ஆடாத டிரைபாடும், ஷட்டரைத் தொடாமல் இயக்கும் டைமர் ரிமோட்டும் வாங்குங்கள். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும், எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். (எஃப்/2.8க்குச் சுருக்கினால் ஒளி குறையும், ஆனால் மூலையில் உள்ள நட்சத்திரங்கள் ஒழுங்காக விழும். நான் அதையே விரும்புவேன்.) எத்தனை நொடி திறக்கலாம் என்பதற்கு, 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தாலும் கேமராவின் சிறிய சென்சாருக்கான 1.6 என்ற காரணியாலும் வகுத்தால் ஏறக்குறைய 6 நொடி வரும். அப்படி 100 படங்களை ரா வடிவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் என்னும் இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒற்றைப் படத்தில் மணல் தூவியதுபோல் இருந்த இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நெபுலா சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்துச் சேரும் பணத்தை, வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கருக்குச் செலவிடுங்கள். அதை வாங்கும்போது நம் ஊருக்கென்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்ப வேண்டும். வேலூரில் அது தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த தாங்கிகள் சில 15 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினாலும், கேமராவின் எடையைச் சமன்செய்யும் எதிர்எடைத் தண்டு டிரைபாடின் காலில் இடிப்பதுண்டு. எனவே, எத்தனை பாகை வரை தாழ்த்தலாம் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். வடக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடமும் தேவைப்படும். பக்கத்திலேயே இருக்கும் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் அமைந்திருக்கிறது. நகர வெளிச்சத்தை விட்டு அந்த மலைப்பக்கம் ஒரு நிலவில்லா இரவு சென்று வந்தால், மொட்டைமாடியில் கிடைக்காத படம் அதே லென்ஸில் கிடைக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியன் வசதியாகத் தெரியும். அப்போது கேமராவின் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில், ஓரியனின் பிரகாசமான நட்சத்திரமான திருவாதிரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, அதன் பிறகே முதல் படத்தை எடுங்கள்.