கப்பல் பயணம்: முதலில் கிழமை, அப்புறம் அறை, கடைசியில்தான் பேக்கேஜ்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "தம்பி, எனக்கு 64 வயது, என் வீட்டுக்காரருக்கு 69. அவருக்கு முழங்கால் வலி உண்டு. எங்களுக்குக் கல்யாணமாகி 40 வருஷம் ஆகிறது. மகள், மருமகன், 9 வயதுப் பேத்தியோடு சேர்ந்து ஐந்து பேராகச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்கும் இரண்டு இரவுப் பயணத்தை ஏஜெண்ட் சொல்கிறார். 'உள் அறை கேரண்டி போட்டால் மலிவு, மிச்சப் பணத்தில் டிரிங்ஸ் பேக்கேஜும் வைஃபையும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றும் சொல்கிறார். நாங்கள் சைவம். கப்பலில் ஒரே குடியும் கூத்துமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்தில் தூத்துக்குடி துறைமுகம் இருக்கிறதே, அங்கிருந்து கிடையாதா?"

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பத்தில் ஐந்து பேர் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டிய ஊர் அது. 2011-இல் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சில மாதங்கள் ஓடி நின்றுபோனது. ஆனால் அவையெல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆட்களைக் கொண்டு சேர்த்த கப்பல்கள். தங்கி, சாப்பிட்டு, சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து வழக்கமாகப் புறப்படுவதில்லை. நமக்குச் சென்னை, கொச்சி, இல்லையென்றால் விமானம் ஏறிச் சிங்கப்பூர்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். ஏஜெண்ட் சொன்ன வரிசையை நான் தலைகீழாக மாற்றுகிறேன். கப்பலில் சூழல் எப்படி இருக்கும் என்பதை அறையும் பேக்கேஜும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கிழமை ஏறுகிறீர்கள், எத்தனை இரவு என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோவில் ரத வீதிக்குள் நுழைகிறவருக்கும், சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் போகிறவருக்கும் கோவில் ஒன்றுதான். ஆனால் அன்றைய கூட்டமும் சத்தமும் நடையும் வேறு இல்லையா? கப்பலும் அப்படித்தான்.

வெள்ளி மாலை ஏறி ஞாயிறு இறங்கும் இரண்டு இரவுப் பயணத்துக்கு லீவு போட வேண்டியதில்லை. அதனால் நண்பர் கூட்டங்களும் அலுவலகக் குழுக்களும் அதில்தான் அதிகம் ஏறுகின்றன. இருப்பது இரண்டே ராத்திரி என்பதால் நீச்சல் குளத்து மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் நள்ளிரவு தாண்டியும் ஓடும். அது அவர்கள் காசு, அவர்கள் சந்தோஷம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுபதாம் கல்யாணம் தாண்டிய தம்பதிக்கு அது ஏற்ற நாள் இல்லை. ஞாயிறோ திங்களோ புறப்பட்டு மூன்று, நான்கு, ஐந்து இரவு போகும் கப்பலில் உங்களைப் போல ஓய்வு பெற்றவர்களும் குடும்பங்களும்தான் அதிகம் தென்படுவார்கள். பேத்திக்காகப் பள்ளி விடுமுறையில் போனால் குழந்தைகள் நிறைய இருப்பார்கள், அவளுக்குத் துணை கிடைக்கும்.

இன்னொன்று. கப்பலில் எல்லாச் சத்தத்துக்கும் ஓர் இடம் உண்டு. கேசினோ ஒரு மூலையில் தனியாக இருக்கும். பெரும்பாலும் கடலுக்குள் போன பிறகுதான் திறப்பார்கள். பார் பக்கம் போகாமலே முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் மேஜிக், நடனம், பாட்டு என்று நிகழ்ச்சி இருக்கும், அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். சாப்பாட்டு ஹாலில் சில கப்பல்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள். அது பிடிக்காவிட்டால் ஏறின அன்றே மேலாளரிடம் "ஐந்து பேருக்குத் தனி மேஜை" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். உடை பற்றியும் கவலை வேண்டாம், பட்டுச் சேலையும் வேட்டியும் எந்த விருந்து இரவுக்கும் போதும். சைவம் என்றால், நம் நாட்டுச் சொகுசுக் கப்பல் நிறுவனமான கார்டிலியாவின் கப்பலில் நம் சைவச் சாப்பாடு தாராளமாக உண்டு, ஜைன உணவும் உண்டு. சிங்கப்பூர்க் கப்பல்களில் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி அறை. நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள் அறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலோடு கடல் பார்த்த அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை. விலை இந்த வரிசையில் ஏறும். இதை யாரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது, எந்தத் தளம், முன்னா நடுவா பின்னா என்பதை.

கேரண்டி என்றால் வகை மட்டும் உறுதி, அறை எண் அவர்கள் இஷ்டம். என் அம்மாவை முதன்முதலாகக் கப்பலில் அழைத்துப்போனபோது நானே அந்தத் தவறைச் செய்தேன். எந்தக் கப்பல் என்பது வேண்டாம். கிடைத்தது முன்மூக்குப் பக்கம், மேல்தளம், நீச்சல் குளத்துக்கு நேர் கீழே. அதிகாலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேலே சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்த இழுப்பார்கள், கர் கர் என்று. முன்மூக்கில் ஆட்டம் வேறு. பாபநாசம் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் நடு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் இல்லையா, கப்பலில் முனைகளுக்கும் நடுவுக்கும் அதே வித்தியாசம். அம்மா இரண்டு நாள் மோரும் பிஸ்கட்டுமாகவே இருந்தார்கள். மிச்சம் பிடித்தது சில ஆயிரம். அந்தக் காசுக்காக அவர்களை அப்படிப் படுக்க வைத்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் உங்கள் இருவருக்கும் கேரண்டி வேண்டவே வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், லிஃப்ட்டிலிருந்து நாலு எட்டில் இருக்கும் கடல் பார்த்த அறையை எண் சொல்லி எடுங்கள். தளப் படத்தில் அந்த எண்ணுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி. அரங்கு, சமையலறை, நடன மேடை இருந்தால் அடுத்த எண்ணைக் கேளுங்கள்.

உள் அறையில் எனக்கு ஒரே ஓர் ஆட்சேபம்தான். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா இரவா என்று தெரியாது. நாலரைக்கே விழித்துக்கொள்ளும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது திணறலாக இருக்கும். இளவட்டங்கள் தூங்க மட்டுந்தான் வருவார்கள், அவர்களுக்கு அது போதும்.

பால்கனி நல்லதுதான். ஆனால் கார்டிலியாவின் எம்ப்ரஸ் 1990-இல் கட்டிய கப்பல், அதில் பால்கனி அறைகள் குறைவு. அதனால் விலை எகிறும். புதிய பெரிய கப்பல்களில் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும், அங்கே எடுக்கலாம். அளவையும் மனதில் வையுங்கள்: எம்ப்ரஸ் சுமார் 48,500 டன், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் ஒன்றரை லட்சம் டன். இந்த டன் எடைக் கணக்கு இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. சிறிய கப்பலில் அலை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் நடு, கீழ்த் தளம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முழங்கால் வலிக்காரருக்கு நான் பயப்படுவது குளியலறையை. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் அரைச் சாண் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். உள்ளே ஆள் திரும்பத்தான் இடம். பழைய கப்பல்களில் ஷவரைச் சுற்றி ஒரு திரை, குளிக்கும்போது அது உடம்பில் வந்து ஒட்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அந்தத் தடுப்பில் கால் இடறி விழுந்தவர்கள் உண்டு. குளியலறை விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தே தூங்கச் சொல்லுங்கள். துறைமுகத்தில் நடக்க வேண்டிய தூரம் அதிகம், சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஐந்து பேருக்கு இரண்டு அறை. நீங்கள் இருவரும் ஒன்றில், மகள் குடும்பம் மூன்று பேர் பக்கத்து அறையில். மூன்றாவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். பேத்திக்கு ரயில் அப்பர் பெர்த் மாதிரி குஷியாக இருக்கும். மூன்றாவது ஆளுக்குக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

மாதமும் முக்கியம். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும், நம் கிழக்குக் கரை ஒப்பிட்டால் அமைதி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம். அப்போது சென்னைப் பயணத்தைத் தவிருங்கள்.

இப்போது பேக்கேஜ். டிரிங்ஸ் பேக்கேஜ் என்பது மது உள்பட பானங்களுக்கு நாள் கணக்கில் முன்பே கட்டிவிடும் பணம். வெளிநாட்டுக் கப்பலில் அது நாளுக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 82.60. நான்கு நாளுக்கு 330.40. அதோடு முடியாது, ஒரே அறையில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் எடுத்தாக வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. அதாவது மருமகன் எடுத்தால் உங்கள் மகளுக்கும் சேர்த்து 660.80 டாலர். அவருக்கு வேண்டியது ராத்திரி ஒரு கிளாஸ் என்றால் அதை அப்போதைக்கப்போது காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். தண்ணீர், டீ, சாதாரணக் காபி எல்லாம் பஃபே ஹாலில் கட்டணத்திலேயே அடக்கம். ஃபில்டர் காபியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வைஃபை ஒரு கருவிக்கு எடுத்தால் போதும். ஒருவர் வெளியேறி இன்னொருவர் உள்ளே நுழைந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பெரும்பாலான கப்பல்களில் வழி உண்டு. ஆனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: கரை மறைவதற்கு முன்பே ஐந்து போன்களையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலுக்கென்று ஒரு கைபேசிக் கோபுரம் உண்டு. அதில் தானாகச் சிக்கினால் பில் ஆயிரக்கணக்கில் வரும்.

தனிக் கட்டண உணவகம் ஐந்து பேரும் சைவம் என்றால் தேவையே இல்லை. நான் காசு போடச் சொல்வது பயணக் காப்பீட்டுக்கு. கப்பல் டாக்டர் இலவசம் இல்லை, இந்த வயதில் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கட்டாய டிப்ஸ் வெளிநாட்டுக் கப்பல்களில் ஆளுக்கு நாளுக்கு 15 முதல் 20 டாலர் வரை, பேத்திக்கும் சேர்த்தே போடுவார்கள். ஏஜெண்ட் சொன்ன தொகையில் அது அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கரையில் சுற்றிக்காட்டும் பேக்கேஜ் துறைமுகத்தைப் பொறுத்தது. மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோரமே நிற்கும். நடக்கும் தூரத்தில் லிட்டில் இந்தியாவும், 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோவிலும் இருக்கின்றன. அங்கே பேக்கேஜ் வீண். தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். லட்சத்தீவிலும் படகுதான். ஆடுகிற படகில் முழங்கால் வலியோடு கால் வைப்பது கஷ்டம், ஆகவே அந்த இடங்களில் அண்ணாச்சி கப்பலிலேயே இருந்துகொள்வது நல்லது. அன்றைக்குக் கப்பல் காலியாக, அமைதியாக இருக்கும். சொந்தமாக வெளியே போனால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்புங்கள். கப்பல் நிறுவனத்தின் பேக்கேஜில் போனவர்கள் தாமதமானால்தான் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

சென்னைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். வந்தே பாரத்தில் காலை கிளம்பினால் எழும்பூர் போய்ச் சேரவே மதியம் ஆகிவிடும், அன்றைக்கே கப்பல் ஏறும் திட்டம் வேண்டாம். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். கெட்டில், அயர்ன் பாக்ஸ், குட்டி ரைஸ் குக்கர் எதுவும் எடுத்துப் போகாதீர்கள், தீ விபத்துப் பயத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்ததையும் பல கப்பல்களில் விடமாட்டார்கள். கடையில் சீல் போட்ட அல்வாவும் பருப்புப் பொடியும் என்றால் பெரும்பாலும் தடையில்லை.

ஏஜெண்டிடம் போய்ப் பேசி, அறை எண் கையில் வந்ததும், பணம் கட்டுவதற்கு முன்பே எனக்கு ஒரு வரி அனுப்புங்கள் டீச்சர். மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று நான் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.