இருபதாயிரம் ரூபாய்க்குள் பழைய சமையலறையின் தோற்றத்தை மாற்ற முடியுமா?

முப்பது ஆண்டுப் பழைய சமையலறையை, டைல்ஸை உடைக்காமலும் மாடுலர் கிச்சன் போடாமலும், இருபதாயிரம் ரூபாய்க்குள் பளிச்சென்று மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மதுரையில் 1994-இல் என் பெற்றோர் கட்டிய வீட்டின் சமையலறையைச் சென்ற கோடையில் அப்படித்தான் மாற்றினோம். எட்டுக்குப் பத்தடி அறை, கடப்பாக்கல் மேடை, அடுப்புக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ், மேடைக்குக் கீழே ஆறு மரக்கதவுகள், மேலே பரண் என்று உங்கள் சமையலறையும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் தாளை வாங்காதீர்கள். நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் அதை ஒட்டினோம். அடுப்புச் சூட்டில் ஆறே மாதத்தில் ஓரங்கள் சுருண்டு, உள்ளே எண்ணெய் இறங்கி, உரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

சமையலறை பழசாகத் தெரிவதற்குப் பொருள்களின் வயதைவிட எண்ணெய்ப் பிசுக்கும், கறுத்துப்போன டைல்ஸ் இடுக்குகளும், தவறான இடத்தில் இருக்கும் விளக்குமே பெரிய காரணங்கள் என்பது என் அனுபவம். ஆகவே பிசுக்கிலிருந்து தொடங்குங்கள். அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, சுவர், டைல்ஸ், கதவுகள் எல்லாவற்றையும் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்தெடுக்க வேண்டும். அலுமினியப் பொருள்களில் மட்டும் அந்தக் கரைசல் படக்கூடாது. அது அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

இடுக்குகள்தான் உண்மையில் பொறுமையைக் கேட்ட வேலை. உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றின் முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினோம். முதலில் கறுப்பு மெழுகைப் போல எண்ணெய் சுருண்டு வந்தது, அதற்குப் பிறகுதான் அடியிலிருந்த வெள்ளை சிமெண்டின் தூள் உதிர்ந்தது. தூசியைத் தட்டிவிட்டு, டைல்ஸ் ஜாயிண்ட் பவுடரைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து, விரலால் அழுத்தி நிரப்பி, கால் மணி நேரம் கழித்து ஈரப் பஞ்சால் துடைத்தோம். அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் எப்பாக்ஸி வகையை வாங்கினோம். விலை கூடுதல்தான், ஆனால் அது எண்ணெயை உறிஞ்சாது. மறுநாள் காலையில் அந்தச் சுவரைப் பார்த்த அப்பா, டைல்ஸை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார்.

இடுக்குகளைச் சுத்தம் செய்யக் குளியலறை ஆசிட்டை ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆசிட் சிமெண்டைத் தின்பதோடு, வழிந்து மேடையையும் கெடுத்துவிடும். கடப்பாக்கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல் என்பதால், எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும்கூட அதில் வெளிறிய தடங்களை விட்டுவிடும். எங்கள் மேடையில் அப்படி இருந்த தடங்களைப் பாலிஷ் போடும் ஆளை அழைத்து ஒரே நாளில் சரிசெய்தோம். கிரானைட் போடுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

அடுத்தது விளக்கு. பெரும்பாலான பழைய வீடுகளில் டியூப் லைட் மேடைக்கு எதிர்ச்சுவரில் இருக்கும்; நின்று காய் நறுக்கினால் நம் நிழலே அரிவாள்மனையிலும் பலகையிலும் விழும். பரணின் அடிப்பக்கத்தில், மேடைக்கு நேர் மேலே, 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 4000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். 6500 கெல்வின் விளக்கின் நீலம் கலந்த வெளிச்சத்தைவிட அதில் சமையலறை இதமாகத் தெரியும்.

கதவுகளில் நான்கு நல்ல நிலையில் இருந்தன; அவற்றை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, வெளிர்பச்சை எனாமல் இரண்டு கோட்டிங் கொடுத்து, கைப்பிடிகளை மாற்றினோம். சிங்க்குக்குக் கீழே ஊறிப்போயிருந்த இரண்டுக்கு மட்டும் பி.வி.சி. கதவுகள். சுவருக்கு, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷன் வெள்ளை. பெயிண்டர் கூலி, கல் பாலிஷ் உட்பட மொத்தச் செலவு எங்களுக்குப் பதினாறாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. உங்கள் ஊர்க் கூலியைப் பொறுத்து இது சற்றுக் கூடலாம்.

எனாமலிலும் தின்னரிலும் எழும் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நாளிலும் மறுநாளிலும் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றி, காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். நாங்கள் அந்த இரண்டு நாளும் சித்தி வீட்டில்தான் சாப்பிட்டோம்.