வீடும் வசதியும்: வெந்நீரும் ஹீட் பம்ப்பும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பழைய டெரஸ் வீட்டை (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) இடித்துவிட்டு மூன்று மாடியாகக் கட்டுகிறோம். வெந்நீருக்கு ஹீட் பம்ப் வைக்கும்படி கட்டுமானக் குத்தகையாளர் சொல்கிறார். மாடிப்படிக்குக் கீழே உள்ள சிற்றறையில் வைத்துக் கதவு போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் இது தேவையா?
– வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ், சிங்கப்பூர்

பதில்: வெயில் அடிக்கும் ஊராக இருப்பதால்தான் அது இங்கே நன்றாக வேலை செய்கிறது. ஹீட் பம்ப் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. விசிறி இழுக்கும் காற்று படும்போது சுருளுக்குள் ஓடும் குளிர்பதனத் திரவம் ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்ற, அது தொட்டியை ஒட்டிய சுருளில் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஏர்கான் செய்யும் அதே வேலைதான். இங்கே நமக்கு வேண்டியது அதன் சூடான பக்கம். காற்று 30 டிகிரியில் இருக்கும் நம் ஊரில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வரை வெப்பம் கிடைக்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐந்து பேர் நாள்தோறும் ஆளுக்கு 60 லிட்டர் வீதம் 40 டிகிரி வெந்நீரில் குளித்தால், 28 டிகிரியில் வரும் குழாய்நீரைச் சூடேற்றச் சுமார் 4.2 யூனிட் வெப்பம் தேவை. சாதாரண ஹீட்டர் அத்தனையையும் மின்சாரமாகவே எடுத்துக்கொள்ளும்; ஹீட் பம்ப்புக்கு ஏறத்தாழ 1.2 யூனிட் போதும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால், மாதம் 27 வெள்ளி மிச்சம். ஹீட் பம்ப்பின் விலை அதிகம் என்பதால் போட்ட பணம் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். ஆயினும் பெரிய குடும்பத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் மாடிப்படி அறை வேண்டவே வேண்டாம். கதவு போட்ட அறையில் கருவி தான் வெளியேற்றிய குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். செயல்திறன் மளமளவென்று குறைந்து, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். பின்கட்டிலோ மொட்டைமாடியிலோ காற்றோட்டமான இடம் ஒதுக்குங்கள். மொட்டைமாடி என்றால், 200 லிட்டர்த் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ என்பதைத் தளம் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். டெரஸ் வீட்டில் அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சன்னல் எங்கிருக்கிறது என்பதையும் எட்டிப் பாருங்கள். விசிறிச் சத்தம் இரவில்தான் பெரிதாகக் கேட்கும்.

குழாயின் நீளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மீட்டருக்கு 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். பின்கட்டிலிருந்து மூன்றாம் மாடிக் குளியலறைக்கு 15 மீட்டர் என்றால், ஒவ்வொரு காலையும் நான்கைந்து லிட்டர் ஆறிய நீரை வெளியேற்றிய பிறகுதான் வெந்நீர் வரும். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்துத் தொட்டியை அவற்றுக்கு அருகில் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். இதை வரைபடத்தில் மாற்றச் செலவில்லை. ஓடு பதித்த பிறகு மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

கருவியில் காற்றின் ஈரம் நீராக வடியும். அந்த நீரைக் குழாய் வழியாக நேரே வடிகாலுக்கு விடுங்கள். தட்டில் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். கிருமிகள் வளராமலிருக்கத் தொட்டி நீரை 60 டிகிரிக்குச் சூடேற்றும் வசதி கருவியில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கூரையில் சூரியத் தகடுகள் போடுவதாக இருந்தால், நண்பகலில் ஓடும்படி நேரத்தை அமைத்துவிடலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை மின்பணியாளன். எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். ஹீட் பம்ப் வாங்கி நானே பொருத்திக்கொள்ளலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் என் பதில். இருவர் குளிக்கும் வெந்நீருக்கு மாதம் பதினைந்து வெள்ளி அளவுக்குத்தான் மின்சாரம் செலவாகும். அதில் மிச்சம் பிடிப்பதற்காகத் தொட்டிக்கும் கருவிக்கும் வீட்டில் இடம் தேடுவது வீண். தொட்டியில்லாத உடனடிச் சூடேற்றி உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

உங்கள் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஹீட்டருக்கான மின்னிணைப்பை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். தொட்டி வகை ஹீட்டரானால், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும் தேவை. வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சாதனத்தை 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி.

தொட்டி வகை ஹீட்டர் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அழுத்த நிவாரண வால்வின் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது என்று அதன் வாயை மூடிவிடாதீர்கள். சூடாகும் நீர் விரிவடைவதால் சிறிது வடிவது இயல்பு. வழி அடைபட்டு, வெப்பக் கட்டுப்பாடும் பழுதானால், தொட்டி வெடிக்கக்கூடும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே நிலம் வாங்கித் தாங்களே முன்னின்று வீடு கட்டுகிறார்கள். எரிவாயுக் கொதிகலன் வேண்டாம், ஹீட் பம்ப் போதும் என்கிறாள் மகள். அந்தக் குளிருக்கு அது தாங்குமா?
– வாசகி, பிடோக்

பதில்: தாங்கும் அம்மா. உறைநிலைக்குக் கீழான காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதை எடுக்கக் கருவி கூடுதலாக உழைக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஹீட் பம்ப்பின் முதல் வேலை வீட்டையே கதகதப்பாக வைத்திருப்பது. அதற்கு அனுப்பும் நீர் 55 டிகிரிக்குப் பதிலாக 35 டிகிரியாக இருந்தால் மின்சாரச் செலவு வெகுவாகக் குறையும். புதிதாகக் கட்டுவோருக்கு அது எளிது: தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்களைப் பதித்து, சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பை அடர்த்தியாகக் கொடுத்துவிடலாம். ஒவ்வோர் அறையும் இழக்கும் வெப்பத்தைத் தனித்தனியே கணக்கிட்ட பிறகே கருவியின் அளவை முடிவுசெய்யச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிய கருவி அடிக்கடி நின்று நின்று ஓடிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். பனிக்காலத்தில் சுருளில் படியும் பனியைக் கருவி தானே உருக்கிக்கொள்ளும். அப்போது புகைபோல ஆவி எழுந்தால் பயப்பட வேண்டாம். உருகும் நீர் நடைபாதையில் வழிந்து மீண்டும் உறைந்தால்தான் ஆபத்து.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு இதற்கு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. தாமே வீடு கட்டுவோரும் அதற்குத் தகுதி பெறலாம். எம்சிஎஸ் (இத்தகைய கருவிகளைப் பொருத்துவோருக்கான அந்நாட்டுத் தரச்சான்று) சான்றிதழ் பெற்ற நிறுவனம் பொருத்தினால் மட்டுமே அது கிடைக்கும் என்பதால், அந்தப் பணியை மருமகன் தம் கையால் செய்யாமல் இருப்பது நல்லது. கடையில் தாங்களே வாங்கும் கட்டுமானப் பொருள்களுக்குச் செலுத்திய மதிப்புக் கூட்டு வரியையும் வீடு முடிந்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அதற்குப் பற்றுச்சீட்டுகள் வேண்டும் என்பதால், முதல் மூட்டை சிமெண்டிலிருந்தே அவற்றைக் கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள்.