இருத்தலியல்: முடிவை யாரிடம் கேட்பது?

"இருத்தலியல் என்றால் என்ன? வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று சொல்வதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் சொல்லும் ஒரு மாணவனின் கதையைப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருக்கிறது. அந்த இளைஞனின் அண்ணன் 1940 சண்டையில் இறந்துவிட்டான். அம்மாவுக்கு இனி இவன் ஒருவன்தான். இங்கிலாந்துக்குப் போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? சார்த்தரிடம் வந்து கேட்கிறான். "நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு" என்கிறார் அவர்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உதவி தேடி வந்தவனைக் கைவிட்டுவிட்டாரே என்று. ஆனால் கூடவே அவர் இன்னொன்றையும் சொல்கிறார்: யாரிடம் யோசனை கேட்பது என்று தீர்மானிக்கும்போதே, என்ன பதில் வரும் என்பது நமக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அங்கே நான் பிடிபட்டேன். ஒரு வேலையை விடலாமா என்று தவித்த நாட்களில், "விடாதே" என்று சொல்லக்கூடியவர்களாகப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன். அப்புறம் "எல்லாரும் சொன்னார்கள், அதனால்தான் விடவில்லை" என்று பல வருடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். முடிவு எடுத்தது நான்தான்.

"இருத்தல் சாரத்துக்கு முந்தியது" என்ற சார்த்தரின் புகழ்பெற்ற வாக்கியம் இதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாரம் என்றால், ஒன்று என்ன, எதற்காக என்பது. காகிதம் வெட்டும் கத்தியைச் செய்கிறவர், அது எதற்கு என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறார். மனிதனுக்கு அப்படி முன்கூட்டியே எழுதிவைத்த பயன் எதுவும் இல்லை. முதலில் பிறந்து வாழ்கிறான். தான் யார் என்பதைத் தன் செயல்களால் உண்டாக்கிக்கொள்கிறான்.

சரி, கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதில் இடமுண்டா? உண்டு. சார்த்தருக்கு நூறு வருடங்களுக்கு முன்பே கோபன்ஹேகனில் எழுதிய தத்துவவாதி கீர்க்கேகார்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். விசுவாசத்தையும் ஒவ்வொருவரும் தனியாக நின்றுதான் ஏற்க வேண்டும் என்றார்.

எல்லாருக்கும் ஒரே அளவு சுதந்திரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தி பொவ்வாரிடம் போக வேண்டும். பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, ஆகிறார்கள் என்று 1949-இல் எழுதியவர். சூழ்நிலை ஒருவரின் தேர்வுகளை எவ்வளவு இறுக்கிப்பிடிக்கும் என்பதைச் சார்த்தரைவிட அவர் நன்றாகப் பார்த்தார் என்பது என் கருத்து.

படிப்பதென்றால், சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குங்கள். மாணவன் கதையும் கத்தியும் அதில்தான் வருகின்றன. அடுத்த வருடமே அது சிறு நூலாக வந்தது. 1943-இல் அவர் எழுதிய 700 பக்கப் பெருநூலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.