என்டர் தட்டினாலும் வரி உடைய மாட்டேங்குதே!

கேள்வி: நான் கவிதை எழுதுறவ. நோட்ஸ் ஆப்ல மார்க்டவுன்ல (ஸ்டார், கோடு மாதிரி குறிகளைப் போட்டே போல்டு, தலைப்பெல்லாம் வரவைக்கிற முறை) எழுதிப் பாருன்னு தம்பி சொன்னான். நாலு வரியையும் தனித்தனியா என்டர் தட்டித்தான் அடிச்சேன், ப்ரிவ்யூல பார்த்தா எல்லாம் ஒரே வரியா ஒட்டிக்கிட்டு நிக்குது. போல்டு வரணும்னு வாட்ஸ்அப்ல போடுற மாதிரி \*கடல்\*னு போட்டா எழுத்து சாஞ்சு போகுது. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தப்பே இல்லைங்க, கவிதை எழுதுறவங்களைத்தான் மார்க்டவுன் முதல்ல காலை வாரும். 2004ல ஜான் க்ரூபர்ங்கிற வலைப்பதிவர் இதைக் கொண்டு வந்தப்போ (ஆரன் ஸ்வார்ட்ஸ்ங்கிற ப்ரோகிராமரும் கூட இருந்து யோசனை சொன்னார்) மாதிரியா எடுத்துக்கிட்டது சாதா ஈமெயிலை. அதுல போல்டு கீல்டு எதுவும் கிடையாது, அழுத்திச் சொல்லணும்னா சொல்லுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டார், பாரா மாறணும்னா நடுவுல ஒரு வரி காலி, வரி நீளமாப் போனா பாதியிலயே மடக்கிடுவாங்க. அந்த மடக்கு கணக்குல வரக்கூடாதுன்னுதான் ஒத்தை என்டரை இது வெறும் ஸ்பேஸா எடுத்துக்குது.

அதனால வரிக் கடைசியில ரெண்டு ஸ்பேஸ் விட்டு என்டர் தட்டுங்க. கண்ணுக்கே தெரியாத ஒண்ணை நம்பி எழுதுறது எனக்கு சுத்தமா பிடிக்காது, சில எடிட்டர் சேவ் பண்றப்பவே அந்த ஸ்பேஸைத் துடைச்சும் விட்டுடும். காமன்மார்க் (மார்க்டவுனுக்குப் பின்னாடி வந்த பொது விதித் தொகுப்பு) முறையில போற ஆப்னா வரி முடியிற இடத்துல ஒரு \\ போட்டாலே போதும்.

போல்டுக்கு ரெண்டு ஸ்டார், \*\*கடல்\*\*. ஒத்தை ஸ்டார்னா இங்க இட்டாலிக். நிறைய தமிழ் ஃபான்ட்ல இட்டாலிக்கே கிடையாது, நிமிர்ந்த எழுத்தையே பிடிச்சு சாய்ச்சு வச்சிடும், ழவும் ஞவும் அதுல படுற பாடு பார்க்க முடியாது, போல்டோட நிறுத்திக்கோங்க. இன்னொண்ணு, நம்ம சொல்லுல விகுதி ஒட்டிக்கிட்டு வரும்ல, \*\*கடல்\*\*னு எழுதினா சரியா வரும், அதையே அண்டர்ஸ்கோர் வச்சு \_\_கடல்\_\_னு எழுதினா நிறைய ஆப்ல கோடெல்லாம் அப்படியே நிக்கும். கடலைங்கிற மாதிரி சொல்லுல நடுவுல வெட்டாதீங்க, ஐகாரக் கொம்பு தனியாப் போய் ஸ்டார்ல தொங்கும். முழுசாவே \*\*கடலை\*\*னு போட்டுடுங்க.

கேள்வி: டைரியில ஒரு பாராவை "1998. அந்த வருஷம்தான் வேலை கிடைச்சது"ன்னு ஆரம்பிச்சேன். 1998 போய் 1னு வந்து நிக்குது!

பதில்: எண், புள்ளி, ஸ்பேஸ்னு வரி ஆரம்பிச்சா மார்க்டவுனுக்கு அது நம்பர் லிஸ்ட். நீங்க போட்ட எண்ணைக் கண்டுக்காம 1லயிருந்து எண்ணுற ஆப் உங்களுது போல. 1998\\. அப்படின்னு புள்ளிக்கு முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் வைங்க, வருஷம் வருஷமாவே இருக்கும்.

கேள்வி: கவிதை முடிஞ்சதும் கோடு போடலாம்னு கீழ --- அடிச்சேன், கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தா மாறிடுச்சே?

பதில்: ஒட்டினாப்ல போட்டா அது தலைப்புக்கு அடிக்கோடுன்னு எடுத்துக்கும். நடுவுல ஒரு வரி காலி விட்டு அடிங்க.