ஹார்ட்டாப்பில் அவுட்ரிகர்: போல்ட்டின் தலையைப் பார்த்து வாங்குங்கள்

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: “26 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வார இறுதியில் தெங்கிரி மீனுக்குத் தூண்டில் இழுக்கிறோம். ஹார்ட்டாப் கூரையில் இரண்டு பக்கமும் 15 அடி அவுட்ரிகர் (தூண்டில் கயிற்றைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்கும் கம்பம்) மாட்ட ஆசை. ஸ்க்ரூ அடித்து சிலிக்கான் தடவினால் போதும் என்கிறார் கடைக்காரர். நானே செய்யலாமா ஐயா?”

தாராளமாகச் செய்யலாம். டிரில் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. ஆனால் அந்த ஸ்க்ரூ, சிலிக்கான் பேச்சை மறந்துவிடுங்கள்.

பெரும்பாலான ஹார்ட்டாப்புகள் வேஃபர் பிஸ்கெட் மாதிரி. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரமோ ஃபோமோ இருக்கும். ஸ்க்ரூ அந்த மேல்தோலை மட்டுமே கடித்துக்கொண்டு நிற்கும். மீன் இழுக்கும் பலம் கம்பத்துக்கு வராது. மீன் கடித்த உடனே கம்பத்தில் உள்ள கிளிப் தூண்டில் கயிற்றை விட்டுவிடும். படகு அலையில் உருளும்போது 15 அடிக் கம்பம் நெம்புகோலாகி அடிப்பாகத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுதான் ஆபத்து. துளை தளர்ந்தால் மழைத்தண்ணீர் இறங்கும், பால்சா ஊறிப் போகும்.

முதலில் 50 சென் காசால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்றால் நல்லது. ‘தொப்’ என்றால் உள்ளே ஏற்கெனவே ஊறியிருக்கலாம். உள்ளே விளக்கு வயர், ஆண்டெனா வயர் எங்கே ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். கம்பத்தை மடக்கும்போது ஆண்டெனாவில் இடிக்கக் கூடாது.

8 மில்லிமீட்டர் போல்ட் என்றால், மேல்தோலையும் நடுப்பகுதியையும் 16 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளையுங்கள், கீழ்த்தோலைத் தொடாதீர்கள். வரும் துருவலை விரலில் நசுக்கிப் பாருங்கள். வெளுப்பாக உலர்ந்து உதிர்ந்தால் சரி; கறுத்து, ஈரம் பிதுங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், கூரையையே முதலில் பழுது பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பள்ளத்தில் கெட்டியாகக் கலந்த எப்பாக்ஸியை (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை) நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, அதன் நடுவே 8 மில்லிமீட்டர் துளை போடுங்கள். நம் ஊர் வெயிலில் எப்பாக்ஸி டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கூரைக்குக் கீழே அடித்தகட்டைவிடப் பெரிய 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்து நட்டு போடுங்கள். துளையை அடைக்க பாலியூரித்தேன் பசை போதும். இறுக்கும்போது போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் திருப்புங்கள், இல்லாவிட்டால் பசை கிழியும்.

இப்போது போல்ட். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் வேண்டும். கடையில் 304 ரகத்தை எடுத்து, காந்தத்தை வைத்து, “பாருங்க, ஒட்டல, இது கடல் சரக்கு” என்பார்கள். காந்தம் இரண்டு ரகத்திலும் அனேகமாக ஒட்டாது! அது சோதனையே இல்லை. போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள்: ஏ4 (A4) என்று பொறித்திருந்தால் 316, ஏ2 (A2) என்றால் 304. ஒன்றுமே இல்லையென்றால் வாங்காதீர்கள். உதிரியாக அள்ளிப் போட்டு விற்கும் போல்ட்டுக்கு ரகம் எழுது என்று கேட்க ஆள் இல்லை. உப்புத்தண்ணீரில் துருவேறும்போது பணம் கொடுத்தவர்தான் அழ வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. “பட்டறையில் நான் பேசித் தருகிறேன்” என்று வரும் தரகரும் அப்படித்தான். அவர் கமிஷனை எடுத்த பிறகு மிஞ்சும் காசுக்கு ஸ்க்ரூதான் கிடைக்கும். அப்படி மாட்டிய கம்பம் ஒன்று கூரைத்தோலோடு கழன்று தொங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஹார்ட்டாப் அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், கூரையைத் துளைக்கவே வேண்டாம். குழாயைக் கவ்வும் கிளாம்ப் வகை அவுட்ரிகர் கிடைக்கிறது. ஆனால் எந்தக் குழாய் என்று பாருங்கள். தளத்திலிருந்து எழும்பி, வெல்டிங்கில் சட்டத்தோடு சேர்ந்த குழாய்தான் தாங்கும். கூரை ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஸ்க்ரூவில் மாட்டிய கைப்பிடிக் குழாயும் பார்க்க அதே மாதிரி இருக்கும்; அதில் கவ்வினால் பழைய கதைதான். குழாய் எங்கே போய் முடிகிறது என்று தடவிப் பாருங்கள்: கூரையில் ஸ்க்ரூவோடு நின்றுவிட்டால் அது கைப்பிடி, தளம் வரை இறங்கினால் சட்டம். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் வையுங்கள், ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்துப்போகும். துளை முறையிலும் தகட்டில் இதே கவனம் வேண்டும்.

மாட்டிய பிறகு முதல் மூன்று பயணங்களிலும் திரும்பி வந்து நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலை தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், அன்றைக்கே கழற்றிப் பசையை மாற்றுங்கள்.