0.06 வந்தால் ஆய்வு தோல்வியா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வலியை மூச்சுப் பயிற்சி குறைக்குமா என்று ஆய்வு செய்தாள். பி மதிப்பு 0.06 வந்திருக்கிறது. ‘0.05-ஐத் தாண்டிவிட்டது, எல்லாம் வீண்’ என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். 0.06 என்றால் பயிற்சி பலன் தர 94 சதவீத வாய்ப்பு என்றுதானே பொருள்? மிகைகாண் நிலையை, அதாவது பி மதிப்பு தாண்டக் கூடாத எல்லையை, 5-லிருந்து 10 சதவீதம் என்று மாற்றி எழுதிவிடலாம் என்கிறாள் அவள் தோழி. செய்யலாமா?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. ஆய்வு வீணாகவில்லை. ஆனால் உங்கள் 94 சதவீதக் கணக்கு தவறு. தோழி சொல்லும் வழி அதைவிடத் தவறு.

கல்லூரியில் இந்தப் பாடத்தை நான் ஒரு தேநீர்க் கதையோடுதான் தொடங்குவேன். 1920-களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்தது. பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல், புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கொடுத்த தேநீரை வேண்டாம் என்றார். கோப்பையில் பாலைத்தான் முதலில் ஊற்ற வேண்டுமாம். எது முதலில் விழுந்தது என்று குடித்தாலே தெரிந்துவிடுமாம். இந்தச் சோதனையை ஃபிஷர் 1935-இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதினார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துக் கொடுப்பார்கள். பால் முதலில் ஊற்றிய நான்கை பிரிஸ்டல் பிரித்துச் சொல்ல வேண்டும்.

‘அவருக்குத் தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்கிறார்’ என்பது இங்கே இன்மை எடுகோள், அதாவது ‘விளைவு ஏதும் இல்லை’ என்று முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானம். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். சரியானது ஒன்றே ஒன்று. ஆகவே எதுவும் தெரியாதவர் நான்கையும் சரியாகச் சொல்ல 70-இல் 1 வாய்ப்பு, சுமார் 1.4 சதவீதம். சரி, நான்கில் மூன்றுதான் சரியாக வந்தது என்றால்? அதற்கு 16 வழிகள். எல்லாம் சரியான அந்த ஒன்றையும் சேர்த்தால் 70-இல் 17, அதாவது 24 சதவீதம். அதை வைத்து யாரும் நம்பப்போவதில்லை.

நான்கையும் அவர் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த 1.4 சதவீதம்தான் பி மதிப்பு. ‘தெரியாது என்று வைத்துக்கொண்டால்’ என்ற நிபந்தனை அதோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. இந்தக் கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. உங்கள் மகளின் 0.06-உம் அப்படித்தான். பயிற்சியால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர 100-க்கு 6 வாய்ப்பு உண்டு. அவ்வளவுதான் அது சொல்வது.

5 சதவீதம் இயற்கை விதி அல்ல. 1925-இல் ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன எல்லை அது. 20-இல் 1 போதாது என்று தோன்றினால் 50-இல் 1, 100-இல் 1 என்று வைத்துக்கொள்ளலாம் என அடுத்த ஆண்டே எழுதினார். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4 அன்று செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையம் அறிவித்தபோது அவர்கள் வைத்திருந்த எல்லை ஏறக்குறைய 35 லட்சத்தில் 1. தவறாக நம்பிவிட்டால் எவ்வளவு நஷ்டம், உண்மையைத் தவறவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று எடைபோட்டுத்தான் எல்லையை வைக்க வேண்டும்.

ஆனால் அதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே வைக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் 5 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 6 வந்த பிறகு 10 என்று திருத்தினால் அது சோதனையே இல்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. நாளை ஒரு நோயாளியின் படுக்கையருகே அந்த முடிவை நம்பி ஒரு செவிலியர் நிற்பார்.

மகள் செய்ய வேண்டியது இதுதான்: 0.06 என்று உள்ளபடி எழுதட்டும். வலி மதிப்பெண் சராசரியாக எவ்வளவு குறைந்தது, அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மையான குறைவு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) என்ன, எத்தனை நோயாளிகள் என்பதையும் எழுதட்டும். ‘பயிற்சியால் பலன் இல்லை’ என்று மட்டும் எழுத வேண்டாம். இன்மை எடுகோளை மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதுதான் சரி. நோயாளிகள் குறைவாக இருந்தால் உண்மையான பலன்கூடக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேள்வி: ஒரே தரவில் 20 ஒப்பீடுகள் செய்தேன். ஒன்றில் மட்டும் 0.03 வந்தது. அதை மட்டும் கட்டுரையாக்கலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: கூடாது தம்பி. எதிலுமே உண்மையான வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. பல சோதனைகள் செய்யும்போது எல்லையை இறுக்கும் பான்ஃபெரோனி திருத்தப்படி 0.05-ஐ 20-ஆல் வகுத்தால் 0.0025, உங்கள் 0.03 அதற்கு வெகுதூரம். இருபதையும் அட்டவணையில் காட்டுங்கள். அந்த ஒன்றில் உண்மையாகவே ஏதோ இருப்பதாகத் தோன்றினால், புதிதாகத் தரவு சேகரித்து அதை மட்டும் சோதியுங்கள்.